அடுக்கு இறக்கை, வளைய இறக்கை, வாலில்லாத விமானம்: ஆரம்பகால வடிவங்கள் ஏன் அப்படி இருந்தன?

கேள்வி இதுதான். பழைய கறுப்பு வெள்ளைப் படத்துணுக்குகளில் ஏழு இறக்கைகளை அடுக்கிய ஒரு வண்டி ஓடும்போதே நொறுங்கி விழுகிறது. இன்னொன்று மேலே ஒரு பெரிய குடையை ஏற்றி இறக்கிக்கொண்டு நின்ற இடத்திலேயே குதிக்கிறது. இவற்றைச் செய்தவர்களுக்கு விமான அறிவே இல்லையா? இல்லை, அந்த வடிவங்களுக்குப் பின்னால் ஏதாவது கணக்கு இருந்ததா?

பெரும்பாலானவற்றில் கணக்கு இருந்தது. ஒரு பிரச்சினைக்கு அவர்கள் கண்ட விடை பல இடங்களில் சரியாகவே இருந்தது. விட்டுவிட்ட இன்னொரு பிரச்சினைதான் விமானத்தைக் கீழே தள்ளியது. அப்படி விடுபட்டது தூக்குவிசையாக இருந்தது குறைவு. ஓட்டுநர் விமானத்தை ஆள்வது, எடை மையத்தின் இடம், சட்டகத்தின் விறைப்பு ஆகிய மூன்றில் ஒன்றுதான் பெரும்பாலும் விடுபட்டிருக்கும்.

பறவையைப் போல இறக்கையடித்துப் பறப்பது என்ற எண்ணத்தை முதலில் உடைத்தவர் இங்கிலாந்தின் ஜார்ஜ் கேலி. 1799 இல் ஒரு வெள்ளித் தகட்டில் அவர் பொறித்த படத்தில் நிலையான இறக்கை ஒன்று, உந்துவதற்குத் தனி அமைப்பு, திருப்புவதற்குத் தனி வால் என்று வேலைகள் பிரிந்திருந்தன. 1804 இல் சுழலும் கை ஒன்றின் முனையில் சிறு பலகைகளை வைத்துச் சுற்றி, எந்தச் சாய்வில் எவ்வளவு தூக்குகிறது என்று அளந்தார். இறங்குசக்கரத்தின் எடையைக் குறைக்க வேண்டும் என்ற கவலையில், கம்பிகளின் இழுப்பிலேயே நிற்கும் ஆரச்சக்கரத்தையும் 1808 வாக்கில் யோசித்துவிட்டார். மிதிவண்டிக்குப் பிற்காலத்தில் பயன்பட்ட அதே கருத்து.

தூக்குவிசையின் கணக்கு எளிது. காற்றின் அடர்த்தியில் பாதியை வேகத்தின் இருமடியால் பெருக்கி, அதை இறக்கைப் பரப்பாலும் இறக்கை வடிவமும் சாய்வும் தரும் ஒரு கெழுவாலும் பெருக்க வேண்டும். ரைட் சகோதரர்களின் 1903 விமானத்தில் இதைப் போட்டுப் பார்க்கலாம். ஓட்டுநருடன் எடை சுமார் 340 கிலோ, இறக்கைப் பரப்பு சுமார் 47 சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு 7 கிலோவுக்குச் சற்று மேல் வருகிறது. காற்றுக்கு எதிரான வேகம் விநாடிக்கு 13.5 மீட்டர் என்று கொண்டால் கெழு 0.6 சொச்சம் வேண்டும். வளைந்த இறக்கைக்கு அது எட்டக்கூடிய எண்தான். இந்த எண்களை வைத்துக்கொண்டு அந்தக் காலத்து எந்த விநோத விமானத்தையும் சோதிக்கலாம். சதுர மீட்டருக்கு 5 முதல் 10 கிலோ வரை சுமை இருந்து, வேகம் மணிக்கு 50, 60 கிலோமீட்டர் எட்டினால் அது தரையை விட்டு எழும். எழுந்த பிறகு என்ன ஆகும் என்பதுதான் கேள்வி.

இதற்கு மாக்சிமின் இயந்திரத்தை விடத் தெளிவான சாட்சி கிடையாது. இயந்திரத் துப்பாக்கியைக் கண்டுபிடித்த ஹைரம் மாக்சிம் கென்ட்டின் பெக்ஸ்லி அருகே சுமார் 550 மீட்டர் நீளத்துக்குத் தண்டவாளம் போட்டார். அதன் மேல் 30 மீட்டருக்கு மேல் அகலமான, மூன்றரை டன் எடையுள்ள ராட்சத இயந்திரத்தை ஓட்டினார். தலா 180 குதிரைத்திறன் கொண்ட இரண்டு நீராவி எஞ்சின்கள், ஏறத்தாழ ஐந்தரை மீட்டர் விட்டமுள்ள இரண்டு புரொப்பெல்லர்கள். அது அளவுக்கு மேல் எழாதபடி சக்கரங்களைப் பிடித்து நிறுத்த மேலே இன்னொரு மரத் தண்டவாளம். 1894 ஜூலை 31 அன்று மணிக்கு 65 கிலோமீட்டரைத் தாண்டியபோது அந்தக் காவல் தண்டவாளத்தையே உடைத்துக்கொண்டு எழுந்தது. மாக்சிம் நீராவியை நிறுத்தினார், இயந்திரம் சேதமாகி நின்றது. தூக்குவிசை போதவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. தேவைக்கு மேலேயே இருந்தது. பக்கவாட்டில் சாய்ந்தால் நிமிர்த்துவதற்குப் போதுமான அமைப்புதான் இல்லை. தண்டவாளம் இல்லாமல் அதை விட்டிருந்தால் உள்ளே இருந்தவர்கள் உயிர் தப்பியிருப்பார்களா என்பது சந்தேகம். கவனித்துப் பார்த்தால் அவர் செய்தது பறத்தல் முயற்சியே அல்ல, மிகப் பெரிய அளவில் ஒரு தூக்குவிசை அளவீடு.

பிரான்சில் கிளெமான் அடேர் அதற்கு முன்பே, 1890 அக்டோபர் 9 அன்று, ஏயோல் என்ற வௌவால் இறக்கை விமானத்தில் சுமார் 50 மீட்டர் தூரம் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் தத்திச் சென்றார். 20 குதிரைத்திறன் நீராவி எஞ்சின்; அந்தக் காலத்துக்கு அதிசயமான அளவு இலேசானது. ஆனால் பாய்லர் ஓட்டுநருக்கு நேர் முன்னால் இருந்ததால் முன்னே என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. வௌவாலைப் போல இறக்கைகளை முன்பின் நகர்த்தவும் மடக்கவும் பல கைச்சுழற்றிகள். அத்தனையையும் ஒரே ஆள், நீராவி எஞ்சினையும் கவனித்துக்கொண்டு, காற்றில் இருக்கும்போது சுழற்ற வேண்டும்! நீராவியின் உண்மையான சிக்கல் எஞ்சினின் எடை அல்ல. பாய்லர், தண்ணீர், ஆவியை மீண்டும் தண்ணீராக்கும் குளிர்விப்பான் எல்லாம் சேர்ந்த எடைதான். சில நிமிடம் மட்டும் பறக்கத் தண்ணீரைக் கொட்டிவிட்டே போகலாம். நீண்ட நேரம் பறக்கக் குளிர்விப்பான் இல்லாமல் முடியாது. இதைச் சரியாகச் செய்தபோது நீராவி வேலை செய்தது. 1933 ஏப்ரல் 12 அன்று அமெரிக்காவின் ஓக்லாந்தில் பெஸ்லர் சகோதரர்கள் ஒரு டிராவல் ஏர் இரட்டை இறக்கை விமானத்தை 150 குதிரைத்திறன் நீராவி எஞ்சினால் பறக்கவிட்டார்கள். இரைச்சல் மிகக் குறைவு. இறங்கியதும் எஞ்சினைப் பின்னோக்கிச் சுழற்றி விமானத்தை நிறுத்தவும் முடிந்தது. ஆனால் அதற்குள் பெட்ரோல் எஞ்சின் வெகுதூரம் போய்விட்டது.

இனி அடுக்கு இறக்கைகள். ஹொரேஷியோ ஃபிலிப்ஸ் என்ற ஆங்கிலேயரைக் கிறுக்கர் என்று ஒதுக்கிவிடுவார்கள். மேலே அதிகமாகவும் கீழே குறைவாகவும் வளைந்த தடித்த இறக்கை வடிவத்துக்கு 1884 இல் காப்புரிமை பெற்றவர் அவர். காற்றுக்குழாயில் சோதித்துத்தான் பெற்றார். நீண்டு ஒடுங்கிய இறக்கை குறைந்த தடையில் அதிகம் தூக்கும் என்பதும் அவருக்குத் தெரியும். ஆனால் ஒடுங்கிய நீண்ட இறக்கையை மரத்தில் செய்தால் வளையும், முறியும். எனவே மிக ஒடுங்கிய பட்டைகளைப் பலவாக ஒரு சட்டத்தில் அடுக்கினார், ஜன்னலின் மரப்பட்டைத் திரை போல. 1893 இல் ஹாரோவில் சோதித்த இயந்திரத்தில் 50 பட்டைகள் இருந்தன. ஒவ்வொன்றும் சுமார் 5.8 மீட்டர் நீளம், 38 மில்லிமீட்டர் அகலம். இடைவெளி 50 மில்லிமீட்டர். நடுக்கம்பத்தில் கட்டி 190 மீட்டர் சுற்றளவுள்ள வட்டத் தடத்தில் ஓட்டியபோது பின்சக்கரங்கள் தரையை விட்டு எழுந்தன.

எங்கே தவறியது? இடைவெளியில் அல்ல. அடுக்கு இறக்கைகளில் மேல் இறக்கையின் அடியில் உள்ள அழுத்தமும் கீழ் இறக்கையின் மேல் உள்ள உறிஞ்சலும் ஒன்றையொன்று தின்னும். அதனால் இடைவெளி குறைந்தது ஓர் இறக்கை அகலமாவது இருக்க வேண்டும். ஃபிலிப்ஸின் இடைவெளி அகலத்தைப் போல ஒன்றேகால் மடங்குக்கு மேல். சிக்கல் அகலமே. 38 மில்லிமீட்டர் பட்டையின் மேல் விநாடிக்கு 18 மீட்டர் வேகத்தில் காற்று போனால் அதன் ரெனால்ட்ஸ் எண் (வேகம், அகலம், காற்றின் பிசுபிசுப்பு ஆகியவற்றிலிருந்து காற்றோட்டத்தின் தன்மையைச் சொல்லும் எண்) 45,000 வாக்கில் வருகிறது. அந்த அளவில் காற்று இறக்கைப் பரப்பில் ஒட்டி ஓடாமல் எளிதில் பிரியும். அகன்ற இறக்கையில் கிடைக்கும் திறன் கிடைக்காது. கூடவே ஐம்பது பட்டைகளையும் பிடித்து நிறுத்தும் கம்பிகள், குறுக்குச் சட்டங்கள் ஒவ்வொன்றும் காற்றைத் தடுக்கும். பட்டைகளின் திறனை அளந்த ஃபிலிப்ஸ், அவற்றைத் தாங்கிய சட்டத்தின் தடையை அதே அக்கறையோடு கணக்கில் எடுத்ததாகத் தெரியவில்லை. இருந்தும் 1907 இல் நான்கு சட்டங்களில் சுமார் 200 பட்டைகள் கொண்ட இயந்திரத்தில் ஏறத்தாழ 150 மீட்டர் தூரம் எழுந்து போனார். அதை ஆள வழியில்லாததால் அதோடு நிறுத்திக்கொண்டார்.

கேள்வியில் வந்த ஏழு இறக்கை வண்டி அமெரிக்கப் பொறியாளர் கெர்ஹார்ட்டின் மிதிவிமானம். 1923 இல் டேட்டனின் மெக்குக் ஃபீல்டில் சோதித்தது. அதில் எஞ்சினே கிடையாது, மனிதன் மிதிக்க வேண்டும். பயிற்சியுள்ள மனிதனால் சில நிமிடங்களுக்குத் தொடர்ந்து அரைக் குதிரைத்திறனுக்கும் கீழேதான் கொடுக்க முடியும். இவ்வளவு குறைந்த திறனில் எழ வேண்டுமானால் வேகம் மிகக் குறைவாகவும் இறக்கைப் பரப்பு மிக அதிகமாகவும் இருக்க வேண்டும். ஒடுங்கிய ஏழு இறக்கைகள் அந்தக் கணக்கின் விளைவு. கார் கட்டி இழுத்தபோது அது நிலையாகப் பறந்தது. மிதித்து மட்டும் எழுந்தது சுமார் 6 மீட்டர் தூரம், முழங்கால் உயரம். எல்லோரும் பார்த்துச் சிரிக்கும் படத்துணுக்கு அதன் சட்டகம் நொறுங்கிய தருணம். எடையை மிச்சம் பிடிக்க மூலைக் கம்பிகளைக் குறைத்தால் உயரமான அடுக்கு பக்கவாட்டில் சரியும், அவ்வளவுதான் நடந்தது. குடை வண்டி 1928 இல் பிட்ஸ் என்பவர் செய்தது. குடை கீழே வரும்போது மடல்கள் மூடிக் காற்றைத் தள்ளும், மேலே போகும்போது திறக்கும். ஒவ்வோர் ஏற்றத்திலும் வண்டி கீழே அழுந்தும், ஒவ்வோர் இறக்கத்திலும் துள்ளும். சராசரியாக எடையைத் தாங்கும் விசை ஒருபோதும் கிடைக்காது. இதற்கு மட்டும் எந்தக் கணக்கும் பின்னால் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

அடுக்கு மோகத்தின் உச்சம் இத்தாலியின் கப்ரோனி சிஏ 60. மூன்று அடுக்கு இறக்கைத் தொகுதிகள் ஒன்றின் பின் ஒன்றாக மூன்று, ஆக மொத்தம் ஒன்பது இறக்கைகள். தலா 400 குதிரைத்திறன் கொண்ட எட்டு லிபர்ட்டி எஞ்சின்கள், 100 பயணிகளுக்கு இடம். 1921 மார்ச் 4 அன்று மஜோரே ஏரியில் எழுந்து சிறிது நேரத்தில் நீரில் மோதி உடைந்தது. இதில் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது தொகுதிகளின் வரிசை. முன் இறக்கை தூக்கும்போது தன் பின்னால் காற்றைக் கீழ்நோக்கித் தள்ளுகிறது; நடு இறக்கை அந்தக் காற்றில் பறக்கிறது; பின் இறக்கை இரண்டும் கலக்கிய காற்றில். சாய்வு மாறும்போது மூன்றும் ஒரே விகிதத்தில் மாறாது. எனவே தூக்கு மையம் எங்கே நகரும் என்பதைத் தாளில் கணிப்பது அன்றைக்கு அசாத்தியம். சிறு மாதிரியைக் காற்றுக்குழாயில் வைத்து அளந்தால்தான் தெரியும்.

அலெக்சாண்டர் கிரகாம் பெல்லின் நான்முகிக் கூண்டுகள் இன்னும் சுவையானவை. ஒரு விமானத்தை எல்லாப் பக்கமும் இரு மடங்காக்கினால் இறக்கைப் பரப்பு 4 மடங்காகும், எடை 8 மடங்காகும். எனவே மனிதனைத் தூக்கும் அளவு பெரிய பறக்கும் இயந்திரம் சாத்தியமில்லை என்று சைமன் நியூகோம் போன்ற அறிஞர்கள் வாதிட்டார்கள். பெல்லின் பதில் எளிமையானது: பெரிதாக்காதே, பெருக்கு. சிறு நான்முகிக் கூண்டு ஒன்றைச் செய்து, அதன் இரண்டு முகங்களில் பட்டுத்துணி போர்த்தி, அதே கூண்டுகளை ஆயிரக்கணக்கில் மூலையோடு மூலையாகக் கோர்த்தால் பரப்புக்கும் எடைக்கும் உள்ள விகிதம் மாறவே மாறாது. நான்முகி முக்கோணங்களால் ஆனது என்பதால் விறைப்பும் தானாக வரும்.

1907 டிசம்பர் 6 அன்று 3,393 கூண்டுகள் கொண்ட சிக்னெட் என்ற பட்டத்தில் தாமஸ் செல்ஃப்ரிட்ஜ் என்ற படை அதிகாரி படுத்துக்கொள்ள, கனடாவின் பாடெக்கில் ஒரு நீராவிப் படகு ஏரியில் அதை இழுத்தது. 50 மீட்டர் உயரம், ஏழு நிமிடம், துளி ஆட்டமில்லை. கீழே இறங்கியபோது இழுகயிற்றை உரிய நேரத்தில் விடவில்லை. படகு இழுத்த இழுப்பில் பட்டம் நீரில் சிதைந்தது, செல்ஃப்ரிட்ஜ் தப்பினார். (அடுத்த ஆண்டு ஆர்வில் ரைட் ஓட்டிய விமானத்தில் பயணியாகச் சென்று இறந்தவர் இதே செல்ஃப்ரிட்ஜ்தான்.) எஞ்சின் பொருத்திய சிக்னெட் இரண்டு எழவே இல்லை. காரணம் வடிவத்திலேயே இருக்கிறது. நான்முகியின் இரண்டு முகங்களுக்கு இடையிலான கோணம் 70.5 பாகை. எனவே ஒவ்வொரு முகமும் கிடைமட்டத்திலிருந்து ஏறத்தாழ 55 பாகை சாய்ந்து நிற்கும். அதில் பிறக்கும் விசையில் 58 சதவீதம்தான் மேல்நோக்கி உதவும். பக்கவாட்டுப் பகுதிகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். நிலைத்தன்மை கிடைத்தது அந்தச் சாய்வால்தான், திறன் போனதும் அதே சாய்வால்தான். முன்வரிசைக் கூண்டுகள் கலக்கிய காற்றில் பின்வரிசை நிற்கிறது என்பது வேறு. படகு இழுக்கும்போது தடை எவ்வளவு என்பது தெரியாமல் போய்விடும், ஏனென்றால் விலை கொடுப்பது படகின் எஞ்சின். இழுத்துச் சோதிக்கும் எவரும் இழுகயிற்றில் ஒரு விசைமானியைக் கட்டி அந்த இழுப்பை அளந்துகொள்ள வேண்டும். தேவையான புரொப்பெல்லர் உந்துவிசை அதுதான்.

ஆஸ்திரேலியாவின் லாரன்ஸ் ஹார்கிரேவ் 1893 இல் கண்ட பெட்டிப் பட்டத்துக்கும் இதே நோக்கம்தான்: விறைப்பும் நிலைத்தன்மையும். 1894 நவம்பர் 12 அன்று நான்கு பட்டங்களைக் கோர்த்துத் தன்னையே சுமார் 5 மீட்டர் உயரத்துக்குத் தூக்கிக்கொண்டார். அவருடைய பெட்டியில் தூக்கும் பரப்புகள் கிடைமட்டமாகவே இருந்தன, அதனால் வீணடிப்பு குறைவு. காப்புரிமை எடுக்காமல் எல்லோருக்கும் திறந்துவிட்டதால் ஐரோப்பிய விமானங்கள் சில ஆண்டுகளுக்கு அவருடைய பெட்டியிலேயே வளர்ந்தன. பாரிஸில் வாழ்ந்த பிரேசில்காரர் சாந்தோஸ் துமோன் 1906 நவம்பர் 12 அன்று 220 மீட்டரை இருபத்தொன்றரை விநாடியில் கடந்த 14 பிஸ் அப்படிப்பட்டதுதான். பின்னால் பெட்டி இறக்கைகள், முன்னால் நீண்ட கழுத்தின் நுனியில் ஒரு பெட்டி, நடுவே பிரம்புக் கூடையில் நின்றுகொண்டு ஓட்டுநர். பக்கவாட்டுச் சாய்வைத் திருத்தும் அசையும் மடல்களான எய்லரான்களின் கம்பிகள் அவருடைய உடலில் கட்டிய பட்டையோடு இணைந்திருந்தன. எந்தப் பக்கம் விமானத்தை நிமிர்த்த வேண்டுமோ அந்தப் பக்கம் சாய வேண்டும். கைகள் இரண்டும் வேறு வேலையில் இருந்ததால் வந்த வழி அது. பறக்கவிடும் முன் தன் 14 ஆம் எண் வான்கப்பலின் அடியில் தொங்கவிட்டுக் கட்டுப்பாடுகளைச் சோதித்தார். பெயர் வந்தது அதனால்தான்.

வால் முன்னால் இருக்கும் இந்த அமைப்பு ரைட் விமானத்திலும் இருந்தது. இங்கேதான் எடை மையம் முக்கியமாகிறது. எந்த விமானத்துக்கும் ஒரு நடுநிலைப் புள்ளி உண்டு. எடை மையம் அதற்கு முன்னால் இருந்தால் மூக்கு எழும்போது தானே தாழும். பின்னால் இருந்தால் எழுந்த மூக்கு மேலும் எழும். முன்வால் விமானத்தில் நடுநிலைப் புள்ளி பிரதான இறக்கைக்கு முன்னோக்கி நகர்ந்துவிடும். எனவே எடையையும் நன்றாக முன்னே கொண்டுவர வேண்டும். ரைட் சகோதரர்கள் எஞ்சினையும் ஓட்டுநரையும் இறக்கையின் மேலேயே வைத்தார்கள். எடை மையம் பின்தங்கியது. விமானம் அலை அலையாக ஏறி இறங்கிற்று. 1904 இல் முன்வாலுக்குக் கீழே சுமார் 32 கிலோ இரும்பைக் கட்டி ஓரளவு அடக்கினார்கள். 1910 இல் எலிவேட்டரை, அதாவது மூக்கை ஏற்றி இறக்கும் அந்த முன்வாலை, பின்னால் கொண்டுபோனார்கள். இந்த நிலையின்மையோடும் அவர்கள் பறந்தார்கள் என்றால், கட்டுப்பாடு கையில் இருந்தது என்பதே காரணம். இறக்கையை முறுக்கிச் சாய்வைத் திருத்தலாம். முறுக்கும்போது ஒரு பக்கத் தடை கூடி மூக்கு தவறான பக்கம் திரும்பும் என்பதை 1902 கிளைடரில் கண்டுகொண்டு, அசையும் சுக்கானால் சரிசெய்தார்கள்.

மாதிரி விமானம் செய்து பார்ப்பவர்களுக்கு நேரடி வழி அல்ஃபோன்ஸ் பெனோவினுடையது. 1871 இல் அவர் பாரிஸில் பறக்கவிட்ட ரப்பர் முறுக்கு மாதிரி சுமார் 45 சென்டிமீட்டர் அகலம், 16 கிராம் எடை. 11 விநாடியில் 40 மீட்டர் பறந்தது. இறக்கை நுனிகள் சற்று மேல்நோக்கி, பின்வால் இறக்கையை விடச் சில பாகை குறைந்த சாய்வில், எடை மையம் இறக்கை அகலத்தின் முன்பகுதியில். விநோத வடிவம் எதைச் செய்தாலும் முதலில் எஞ்சின் இல்லாமல் மெதுவாகக் கையால் எறியுங்கள். மூக்கு எழுந்து நின்று விழுந்தால் முன்னால் எடை சேருங்கள். நேராகக் குத்தினால் எடையைக் குறைப்பதற்கு முன் வாலின் சாய்வைச் சிறிது மாற்றிப் பாருங்கள். சற்றே எழுவதும் தாழ்வதுமாகப் போனால் எடையைச் சில மில்லிமீட்டர் மட்டும் முன்னே நகர்த்துங்கள். பெரிய விமானங்களில் இந்த வேலையைச் செய்யாமல் விட்டவர்கள்தான் ஏராளம்.

வாலே இல்லாத விமானத்தில் அந்த வாலை எங்கே ஒளிப்பது? ஜே. டபிள்யூ. டன் என்ற ஆங்கிலேயப் படை அதிகாரி இறக்கையின் நுனிகளில் ஒளித்தார். இறக்கைகளைப் பின்னோக்கி வி வடிவில் சாய்த்தார். நடுவில் அதிகச் சாய்வு வைத்து, நுனி வரை படிப்படியாகக் குறைத்தார். நுனிகள் எடை மையத்துக்குப் பின்னால் இருப்பதால் பின்வால் செய்யும் வேலையை அவையே செய்யும். 1907 இல் ஸ்காட்லாந்தின் பிளேர் ஆதொல்லில் படையின் பாதுகாப்பில் இரகசியமாகச் சோதனை தொடங்கியது. 1910 டிசம்பரில் ஈஸ்ட்சர்ச்சில் ஆர்வில் ரைட் பார்த்துக்கொண்டிருக்க, டன் டி 5 விமானத்தில் கட்டுப்பாடுகளை விட்டுவிட்டுக் காகிதத்தில் குறிப்பு எழுதினார். ஓட்டுநர் நொடிக்கு நொடி போராட வேண்டியிருந்த ரைட் விமானத்துக்கு நேர் எதிர்த்துருவம்.

பிறகு ஏன் எல்லோரும் டன்னைப் பின்பற்றவில்லை? நுனிகள் குறைவாகத் தூக்குவதால், அல்லது சில நிலைகளில் கீழ்நோக்கியே அழுத்துவதால், அதே எடைக்கு இறக்கை பெரிதாக வேண்டும். திருத்தும் பரப்புகள் எடை மையத்துக்கு அருகிலேயே இருப்பதால் நெம்புகோல் தூரம் குறைவு. இறங்கும்போது மூக்கைக் கூர்மையாகத் தூக்க முடியாது. படைகள் விரைவாகத் திரும்பும் விமானத்தைக் கேட்டபோது, தானே நேராகப் போக விரும்பும் விமானம் பிடிவாதக்காரனாகத் தெரிந்தது. என் கணிப்பில் அந்தக் கால விநோத வடிவங்களில் மிகத் தேர்ந்த பொறியியல் இதுதான்.

ஆஸ்திரியாவின் இகோ எட்ரிச் அதே இலக்கை ஒரு விதையிலிருந்து பிடித்தார். தென்கிழக்கு ஆசியக் கொடியொன்றின் சவ்வு இறக்கை விதை, நடுவில் எடையும் பின்சாய்ந்து மேல்வளைந்த நுனிகளுமாகத் தானே மிதந்து இறங்கும். 1906 இல் வாலில்லாத கிளைடராக அதைப் படியெடுத்தார். எஞ்சின் பொருத்தியபோது விதையின் வடிவம் மட்டும் போதவில்லை, வால் சேர்க்க வேண்டியதாயிற்று. 1910 இன் டாவ்பே விமானம் அப்படித்தான் பிறந்தது. விதைக்கு உந்துவிசை கிடையாது, அது ஒரே வேகத்தில் இறங்கினால் போதும். எஞ்சினின் இழுப்புக் கூடிக் குறைவதை அது சமாளிக்க வேண்டியதில்லை.

வளைய இறக்கை பற்றிச் சுருக்கமாக. பிரான்சின் லூயி பிளேரியோ 1906 இல் நீள்வட்ட மூடிய இறக்கைகளோடு முயன்றார், எழவில்லை. இங்கிலாந்தின் லீயும் ரிச்சர்ட்ஸும் தட்டையான வளையத்தையே இறக்கையாக வைத்து ஷோரமில் 1913 முதல் பறந்தார்கள். முதல் பறப்பில் வால் கனத்துத் தடுமாறி விழுந்தது. காரணம் மீண்டும் எடை மையமே. அதைத் திருத்திய பின் ஒழுங்காகப் பறந்தது, ஸ்டால் ஆவதிலும் (சாய்வு மிகுந்து தூக்குவிசை இழப்பதிலும்) மென்மையாக நடந்துகொண்டது.

சட்டகம் தோற்ற கதைகளில் அமெரிக்க விஞ்ஞானி சாமுவேல் லாங்லியின் ஏரோட்ரோம் என்ற விமானம் முதலிடம். 1896 மே மாதம் அவருடைய நீராவி மாதிரி ஒரு கிலோமீட்டர் தூரம் பறந்தது. அந்த வெற்றியை நம்பி, அதே ஒன்றன்பின் ஒன்றான இறக்கை அமைப்பை மனிதன் ஏறும் அளவுக்குப் பெரிதாக்கினார். சார்ல்ஸ் மேன்லி செம்மைப்படுத்திய 52 குதிரைத்திறன் எஞ்சின், ரைட் எஞ்சினைப் போல நான்கு மடங்கு வலுவானது. படகுவீட்டின் கூரையிலிருந்து கவணால் ஏவினார்கள். 1903 அக்டோபர் 7, டிசம்பர் 8, இரண்டு முறையும் பொட்டோமாக் ஆற்றில் விழுந்தது. மாதிரியில் போதுமாக இருந்த முறுக்கு விறைப்பு பெரிய அளவில் போதவில்லை. காற்று இறக்கையை முறுக்க, முறுக்கால் சாய்வு கூட, கூடிய சாய்வு மேலும் முறுக்கும். இந்தச் சுழற்சி ஒரு வேகத்துக்கு மேல் நிற்காது, இறக்கை உடையும். அதோடு கவணின் திடீர் இழுப்பு வேறு. இரண்டாம் முயற்சிக்கு ஒன்பது நாள் கழித்து 12 குதிரைத்திறனோடு ரைட் விமானம் கிட்டி ஹாக்கில் எழுந்தது.

லாங்லிக்குத் தெரியாமல் நேர்ந்ததை வில்லியம் கிறிஸ்மஸ் என்ற மருத்துவர் வேண்டுமென்றே செய்தார். அவருடைய கிறிஸ்மஸ் புல்லட்டில் தாங்குகம்பிகளே இல்லை. இறக்கை பறவையைப் போல வளைந்துகொடுக்க வேண்டும் என்பது அவர் வாதம். இரண்டு விமானங்கள் செய்தார். இரண்டும் முதல் பறப்பிலேயே விழுந்தன, இரண்டு ஓட்டுநர்களும் இறந்தார்கள். மேலே சொன்ன எவரோடும் இவரைச் சேர்க்க முடியாது. வளையும் இறக்கையை மணல் மூட்டை ஏற்றிச் சோதித்திருந்தாலே தரையிலேயே தெரிந்திருக்கும்.

வளைந்துகொடுப்பது சரியான இடத்தில் பயன்பட்டதும் உண்டு. ஸ்பெயினின் ஹுவான் தெ லா சியர்வா, எஞ்சின் இணைப்பில்லாமல் காற்றிலேயே சுழலும் ரோட்டரைத் தலைக்கு மேல் வைத்து ஆட்டோஜைரோ செய்தார். முதல் மூன்று வடிவங்களும் பக்கவாட்டில் கவிழ்ந்தன. முன்னோக்கி வரும் ரோட்டர் அலகுக்கு (பிளேடுக்கு) காற்று வேகம் அதிகம், பின்னோக்கிப் போகும் அலகுக்குக் குறைவு. ஒரு பக்கம் கூடுதலாகத் தூக்கும். வியப்பு என்னவென்றால் அவருடைய சிறு மாதிரி கவிழவில்லை. அதன் அலகுகள் பிரம்பால் ஆனவை. அவை மேலும் கீழும் வளைந்து வித்தியாசத்தைத் தாமே ஈடுசெய்தன. எனவே பெரிய அலகின் அடியில் கீல் வைத்தார். 1923 ஜனவரியில் சி 4 பறந்தது. இன்றைய ஹெலிகாப்டர்களின் அலகு அசைவுக்கு மூலம் அந்தக் கீல்தான்.

ஒரு விநோதம் மட்டும் பறத்தல் சிக்கலால் வந்ததல்ல. புரொப்பெல்லருக்கு ஊடாகச் சுட வழி தெரியாத 1915 இல், பிரெஞ்சு ஸ்பாட் எஸ்ஏ 2 விமானத்தில் துப்பாக்கிக்காரரைச் சுழலும் புரொப்பெல்லருக்கு முன்னால் ஒரு தனிக் கூண்டில் உட்கார வைத்தார்கள். ஓட்டுநரோடு பேச முடியாது. இறங்கும்போது மூக்கு குத்தினால் முதலில் நசுங்குவது அவர். செய்தவற்றில் பாதிக்கும் மேல் ரஷ்யாவுக்குப் போயின. சுடும் நேரத்தைச் சுழற்சியோடு இணைக்கும் பற்சக்கர அமைப்பு வந்ததும் இந்த வடிவம் மறைந்தது.

கடைசியாக, ‘இதுதான் முதலாவது’ என்ற உரிமைகோரல்களை எப்படிச் சோதிப்பது என்பது. 1910 பாரிஸ் கண்காட்சியில் ருமேனியப் பொறியாளர் கோவாண்டா வைத்த விமானத்தில் 50 குதிரைத்திறன் பிஸ்டன் எஞ்சின் ஒரு விசிறியைச் சுழற்றிக் குழாய் வழியே காற்றைத் தள்ளியது. அதை முதல் ஜெட் என்றும் அது பறந்தது என்றும் சொல்லும் கதை பல பத்தாண்டுகள் கழித்து வந்தது. அந்தக் காலப் பதிவுகள் அதைத் தாங்கவில்லை. 1907 நவம்பர் 13 அன்று லிசியூவில் பால் கோர்னுவின் ஹெலிகாப்டர் தரையை விட்டு எழுந்தது என்ற செய்தியை எண்ணாலேயே பார்க்கலாம். ஆளுடன் 260 கிலோ, 6 மீட்டர் விட்டமுள்ள இரண்டு ரோட்டர்கள், 24 குதிரைத்திறன். இழப்பே இல்லாத கற்பனை ரோட்டருக்கே ஏறத்தாழ 15 குதிரைத்திறன் வேண்டும். அதாவது எஞ்சினிலிருந்து ரோட்டர் வரை எல்லா இழப்பும் சேர்ந்து 40 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. கோர்னுவின் ரோட்டரிலோ விளிம்பில் மட்டும் துடுப்பு போன்ற குட்டை அலகுகள், நடுப்பகுதி வெறுமை, வழுக்கும் வார்ப்பட்டை. பின்னாளைய பொறியியல் ஆய்வும் அது ஆளோடு சுதந்திரமாக எழுந்திருக்க முடியாது என்றே சொல்கிறது.